வரைபடத்தில் இல்லாத சில்லை

போன வாரம் ஒரு மதியம். ஒரு கிறிஸ்துமஸ் குடிலின் முன்னால் மண்டியிட்டிருந்தேன். கை கூப்பியிருக்கவில்லை, கையில் செல்போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. தலை, குடிலின் ஓலைக் கூரைக்குள். என் இடது காதுக்குப் பக்கத்தில் களிமண் மாடு. வலது காதுக்குப் பக்கத்தில் சூசையப்பர்.

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். 'பேப்பர் சாருக்கு ரிட்டயர் ஆனதும் பக்தி வந்துவிட்டது' என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். உண்மை அதைவிடச் சங்கடமானது.

என் தலைக்கு மேலே ஒரு தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது. அதற்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது — நமுத்த தீக்குச்சியைத் திரும்பத் திரும்ப உரசுவது போல. அந்தக் கூடு காலி என்று நான்கு மணி நேரத்துக்கு முன்னால் உத்தரவாதம் கொடுத்தவன் நான்தான்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற ஏழெட்டுப் பேருக்கு நினைவிருக்கலாம். சில மாதங்களுக்கு முன்னால் சில்லைகளைப் பற்றி எழுதியிருந்தேன். மறந்தவர்களுக்காகவும், படிக்காமலே தப்பித்தவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சில்லை என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னக் குருவி. கூம்பு போலத் தடித்த அலகு. புல் விதை, ராகி, சாமை எல்லாம் கொத்தும். கூட்டமாக வரும், கூட்டமாகக் கிளம்பும். எங்கள் பக்கத்து விவசாயிகள் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்து நேரத்தை வீணாக்குவதில்லை. குருவி, அவ்வளவுதான். கதிரில் உட்கார்ந்தால் மட்டும் 'சனியன் புடிச்ச குருவி'.

நான் அப்படி விட முடியுமா? முப்பது வருடம் பத்திரிகையில் செய்திகளைப் பக்கம் பிரித்துப் போட்ட கை இது. இது மாவட்டப் பக்கம், இது விளையாட்டு, இது குற்றம் என்று பிரித்துப் பிரித்தே பழகிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு பிரிப்பதற்கு எதுவும் இல்லை. வீட்டில் பருப்பு டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன். என் மனைவி ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டாள்.

பறவைப் புத்தகத்தைத் திறந்த முதல் நாளே சொக்கிப்போனேன். ஒரு காலத்தில் சில்லையையும் தூக்கணாங்குருவியையும் ஒரே குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்களாம். பிறகு ஆராய்ந்து பார்த்து, சில்லைக்குத் தனிக் குடும்பம் என்று பிரித்தார்கள். அதோடு விடவில்லை. வெண்தொண்டைச் சில்லை என்று ஒன்று உண்டு. அதை மற்ற சில்லைகளின் பேரினத்திலிருந்து கிளப்பி வேறு பேரினத்தில் உட்கார வைத்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. உலகத்தில் எங்கேயோ யாரோ என்னைப் போலவே உட்கார்ந்து, விடாமல் பக்கம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்!

உற்சாகத்தில் ஒரு வரைபடம் போட்டேன். தருமபுரி மாவட்டத்தில் எந்தச் சில்லை எங்கே இருக்கிறது? ஸ்கெட்ச் பேனாவில் வண்ணம் தீட்டினேன். எங்கள் அதியமான்கோட்டையைச் சுற்றிப் பழுப்பு — அது புள்ளிச் சில்லை. அரூர் ஏரிப் பக்கம் சிவப்பு — கருந்தலைச் சில்லை. ஒகேனக்கல் சாலையோரப் புதர்க்காடுகளில் கறுப்பு — வெண்முதுகுச் சில்லை. வெண்தொண்டைச் சில்லையை மட்டும் நான் எங்கேயும் பார்த்திருக்கவில்லை. ஈரான் பக்கமிருந்து இலங்கை வரை பரவியிருக்கும் பறவை, வறண்ட முள்காடு என்றால் அதற்கு உயிர் என்று புத்தகம் சொன்னது. எங்கள் பக்கத்தைவிட வறண்ட முள்காடு வேறு எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. 'அதியமான்கோட்டை வட்டாரத்தில் வெண்தொண்டைச் சில்லை கிடையாது' என்று இதே பத்தியில் எழுதினேன். 'இதுவரை நான் பார்க்கவில்லை' என்றுகூட எழுதவில்லை. கிடையாது!

அந்தக் கட்டுரை வெளியான அன்று அரூரிலிருந்து போன் வந்தது. கீதா என்று ஒரு அறிவியல் டீச்சர். பத்து வருடமாகப் பறவை பார்ப்பவர். எனக்கு வாசகி, அதைவிட முக்கியமாக, என் தவறுகளுக்குப் பொறுமையான வாசகி.

"சார், மேப்பு நல்லா இருக்குதுங்க. ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"நீங்க அரூருக்கு எந்த பஸ்ஸுல வர்றீங்க?"

சொன்னேன்.

"எங்க எறங்கி டீ குடிப்பீங்க?"

அதையும் சொன்னேன். ஏரிக்கரைக்கு எதிரே ஒரு கடை. அங்கே இறங்கி ஏரியைப் பார்த்து உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

"அங்கதான் சிவப்பு அடிச்சிருக்கீங்க. ஒகேனக்கல் ரோட்டுலயும் நீங்க மீன் வறுவல் சாப்பிடப் போற வழியிலதான் கறுப்பு அடிச்சிருக்கீங்க. இது சில்லைங்க எங்க இருக்குதுன்னு காட்டலைங்க சார்... சார் எங்கெங்க எறங்கினீங்கன்னு காட்டுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படியே பேருந்து வழித்தடம். நடுநடுவே டீக்கடைகள்.

ஆனாலும் திருத்தம் எழுதினேனா? இல்லை. 'வருந்துகிறோம்' என்ற பெட்டிச் செய்தியை முப்பது வருடம் கடைசிப் பக்கத்தின் மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்துப் பழகியவன் நான். சொந்தத் தவறு என்றால் அந்த மூலைகூடக் கிடைக்காது.

இப்போது குடிலுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஸ்டெல்லா இருக்கிறார். டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். கணவர் வெளியூரில் வேலை. நிலத்தைக் கொழுந்தனார் ஆரோக்கியம் பார்த்துக்கொள்கிறார். எங்கள் ஊர் சர்ச்சின் பங்கை ஏழெட்டு அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதாவது, பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழுக்கள். ஒரு அன்பியத்துக்கு ஸ்டெல்லாதான் தலைவி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அன்பியங்களுக்குள் குடில் போட்டி நடக்கும். பங்குச் சாமியாரும் இரண்டு சிஸ்டர்களும் தெருத்தெருவாக வந்து பார்த்து மார்க் போடுவார்கள்.

போட்டி என்றால் சாதாரணப் போட்டி இல்லை. போன வருடம் பக்கத்து அன்பியத்தார் மோட்டார் வைத்து ஒகேனக்கல் அருவியையே குடிலுக்குள் கொட்டவைத்தார்கள். பரிசலில் மூன்று ராஜாக்கள் வந்தார்கள். ஸ்டெல்லாவின் குடிலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருடம் ஸ்டெல்லா ஒரு மாதமாகத் திட்டம் போட்டார். மோட்டார் இல்லை, சீரியல் பல்பு இல்லை. குழந்தை இயேசு நம் ஊர்க் கொல்லையில் பிறந்தால் எப்படி இருக்கும்? பனையோலைக் கூரை. தட்டுகளில் ராகி விதைத்து முளைக்கவைத்த பச்சைப் பயிர். அதற்கு மேலே, வானத்துக்குப் பதிலாக, தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும் ஒரு கருவேலங்கிளை. நிஜக் கூடு, நிஜக் கிளை. அதுதான் குடிலின் உயிர்.

கூடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆரோக்கியத்தின் கிணற்றுக்கு மேலே சாய்ந்து நிற்கும் கருவேல மரத்தில் வருடாவருடம் தூக்கணாங்குருவி கட்டும். ஆனால் ஸ்டெல்லாவுக்கு ஒரு தயக்கம். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க குருவி பத்தியெல்லாம் எழுதறீங்க. கூடு காலியான்னு நீங்க வந்து பாத்துச் சொன்னீங்கன்னாத்தான் வெட்டச் சொல்லுவேன். சாமிக்குச் செய்யற வேலையில பாவம் சேந்துறக் கூடாதுங்க."

என்னை ஒரு நிபுணர் என்று நம்பி வந்த முதல் ஆள். முதுகு தானாக நிமிர்ந்தது. பைனாகுலரை எடுத்துக்கொண்டேன்.

"பழைய கூடுதானே? இங்கேயிருந்தே சொல்லிடுவீங்க போலிருக்கே," என்றாள் மனைவி.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிணற்றடியில் நின்றோம். போட்டியும் அன்றைக்குத்தான், நடுவர்கள் மாலை நான்கு மணிக்கு வருவார்கள். கிணற்றுக்கு மேலே நீண்ட ஒரு கிளையில் மூன்று கூடுகள் தொங்கின. பழுப்பேறிப் போனவை. ஒன்றில் வாசல் குழாய் அறுந்து, பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருந்தது. நான் பத்து நிமிடம் பார்த்தேன். அதில் நான்கு நிமிடம் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தேன்.

பிறகு ஒரு சிறிய உரை ஆற்றினேன். தூக்கணாங்குருவி மழைக்காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் பறவை. குஞ்சு பறந்ததும் கூட்டைக் கைவிட்டுவிடும். இப்போது மழை முடிந்துவிட்டது, கூடுகள் காய்ந்துவிட்டன... ஆகவே, காலி.

ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார்.

"இல்லீங்க சார், அந்த ஓட்டைக் கூட்டுக்குள்ள ஏதோ சின்னக் குருவி போய்ட்டு வந்துட்டு இருக்குதுங்க. காலையில மோட்டார் போட வர்றப்பல்லாம் பாப்பேன்."

"வெளுத்த பழுப்பு நிறமா? தடிச்ச அலகா?"

"அப்பிடித்தானுங்க."

"அது தூக்கணாங்குருவிப் பொட்டைங்க. பழைய கூட்டை எட்டிப் பாத்துட்டுப் போகும்."

"அப்பிடியும் செய்யுங்களா?"

"செய்யும்."

எந்தப் புத்தகத்தில் படித்தேன்? எதிலும் இல்லை. அந்த நிமிடத்தில் நானே எழுதியது. தினமும் காலையில் கிணற்றடியில் நிற்கிற ஆள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். பத்திரிகை ஆபீஸில் இதற்கு நேரடிச் சாட்சி என்று பெயர். நேரடிச் சாட்சி கிடைக்காமல் எத்தனை செய்திகளை ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்தி வைத்திருக்கிறேன்! அன்றைக்கு, கையில் கிடைத்த சாட்சியை வெட்டிவிட்டு, தலைப்பை வைத்துக்கொண்டேன்.

கிளையோடு வேண்டும் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்ததால் கூடுகளைத் தனியாக அறுக்கவில்லை. ஆரோக்கியம் கரையில் நின்றபடியே கிளையில் கயிறு கட்டி, தொரட்டியால் வெட்டி, மெல்ல இறக்கினார். பூப்போல இறங்கியது. அந்த நிதானத்தினால்தான் பிறகு எங்களுக்குக் கொஞ்சமாவது வழி இருந்தது.

பத்து மணிக்குக் கிளை குடிலில் ஏறியது. சும்மா சொல்லக் கூடாது — பார்த்தவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினார்கள். பன்னிரண்டு மணிக்கு ஸ்டெல்லாவிடமிருந்து போன்.

"சார்... கூட்டுக்குள்ள இருந்து சத்தம் வருதுங்க."

மண்டியிட்டிருந்த இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். நான்கு குஞ்சுகள். முள் முள்ளாக இறகு முளைக்கத் தொடங்கிய உடம்பு. வெளிச்சம் பட்டதும் நான்கு வாயும் திறந்தன. என்னை அம்மா என்று நினைத்துவிட்டன போலிருக்கிறது.

போட்டோ எடுத்துக் கீதா டீச்சருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சார், வந்து போன குருவியோட வால் பாத்தீங்களா?"

"நான் குருவியையே பாக்கலைங்க. ஆரோக்கியம்தான் பாத்தாரு."

"அவருகிட்ட கேளுங்க. வால் கறுப்பா, நுனி கூராங்களா?"

பக்கத்தில் நின்ற ஆரோக்கியத்திடம் கேட்டேன். "ஆமாங்க, ஊசியாட்டம் கறுப்பு வாலு. தொண்டையெல்லாம் வெள்ளை. முதல்லயே சொல்லியிருப்பேன், நீங்க கேக்கலையே," என்றார்.

"வெண்தொண்டைச் சில்லைங்க சார்," என்றார் கீதா. "தூக்கணாங்குருவி விட்டுட்டுப் போன பழைய கூட்டுல அது குடி வரும். குளிர்காலத்துலயும் குஞ்சு பொரிக்கும்."

"ஆனா அது இந்தப் பக்கம் கிடையாதே?"

"யாரு சார் சொன்னது?"

சொன்னது யார்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். பழைய தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பயன்படுத்தும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு. போட்டது நான்.

புத்தகத்தில் சில்லைக்கும் தூக்கணாங்குருவிக்கும் பாகப்பிரிவினை முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தனிக் குடும்பம், தனிப் பெயர், தனிப் பக்கம். ஆரோக்கியத்தின் கருவேல மரத்துக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை. அங்கே ஒருவர் கட்டிய வீட்டில் மற்றவர் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார். நான் கூட்டைப் பார்த்து யார் கட்டியது என்று சொன்னேன். அதில் தவறில்லை. யார் இருக்கிறார்கள் என்பதுதானே ஸ்டெல்லா கேட்ட கேள்வி?

குடிலைச் சுற்றி அன்பியத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான்தான் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தேன்.

"யாரும் தொடாதீங்க. மனுச வாசனை பட்டா தாய்க்குருவி சேத்துக்காது."

போனில் இன்னும் இணைப்பில் இருந்த கீதாவின் குரல் கேட்டது. "சார், அது சும்மா சொல்றதுங்க. அப்பிடியெல்லாம் ஒன்னுமில்ல. எடம்தான் முக்கியம். அதே எடத்துல, அதே ஒசரத்துல, சீக்கிரம் கொண்டுபோய்த் தொங்க விடுங்க. குஞ்சுங்க எவ்வளவு நேரமாப் பட்டினியோ..."

மணி பன்னிரண்டரை. நடுவர்கள் வர மூன்றரை மணி நேரம். கிளையைக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினால், குடிலின் மேல்பாதி வெறும் ஓட்டை. இன்னொரு கிளை வெட்டிக் கட்ட நேரமில்லை. அதில் கூடும் இல்லை.

பிலோமினா என்ற பெண்மணிதான் எல்லோர் மனதிலும் இருந்ததைச் சொன்னார். "ஏன்டி ஸ்டெல்லா, ஃபாதர் நாலு மணிக்குப் பாத்துட்டுப் போயிருவாரு. அஞ்சு மணிக்குக் கொண்டுபோய்க் கட்டிட்டாப் போச்சு. நாலு மணி நேரந்தான? ஒரு மாசமா ராத்திரி பகல் பாக்காம செஞ்சது..."

சொன்னவர் கெட்டவர் இல்லை. ராகித் தட்டுகளுக்குத் தினமும் தண்ணீர் தெளித்தவர் அவர்தான்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் தாங்குமா சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாங்கும் என்று சொல்லலாம். குடில் தப்பிக்கும், எனக்கும் நல்ல பெயர். தாங்காது என்று சொல்லலாம். குஞ்சுகளுக்காக வாதாடியவன் என்ற பெயராவது வரும். இரண்டுக்கும் என்னிடம் ஒரு சிறிய உரை தயாராகவே இருந்தது. உரைக்கா பஞ்சம்?

"தெரியலைங்க," என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னதில் விசாரித்து உறுதி செய்யப்பட்ட ஒரே தகவல் அதுதான்.

ஸ்டெல்லா குடிலை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிளையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"பச்சக் குழந்தைக்குத்தான் குடில் கட்டறோம்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஆரோக்கியம், அந்தப் பக்கம் புடிங்க."

மறுபக்கத்துக் கயிற்றைப் பிலோமினாவே அவிழ்த்தார்.

குஞ்சு இருக்கும் ஒரு கூட்டை மட்டும் எடுத்துப் போனால் மற்ற இரண்டு கூடாவது குடிலுக்கு மிஞ்சுமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். ஆரோக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூனும் பழையபடி தொங்கினாத்தான் அதுக்கு அடையாளம் தெரியுங்க சார். உங்க தெருவுல ரெண்டு பக்கத்து வூட்டையும் தூக்கிட்டா, நீங்களே உங்க வூட்டத் தாண்டிப் போயிருவீங்க."

இதற்கு மேல் யோசனை சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

காலையில் பத்து நிமிடத்தில் வந்த கிளையைத் திரும்பக் கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆனது. ஆடாமல் அசையாமல் நடந்தோம். வரப்பில் நான் இரண்டு முறை சறுக்கினேன். இரண்டாவது முறை ஸ்டெல்லா, "சார், நீங்க பைனாகுலர மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க, போதும்," என்றார்.

கிணற்றடியில்தான் நிஜமான சிக்கல். வெட்டுவதற்குக் கரையில் நின்றால் போதுமாக இருந்தது. திரும்பக் கட்டுவதற்கு ஆரோக்கியம் மரத்தில் ஏறி, கிணற்றுக்கு நேர் மேலே நீண்டிருந்த மீதிக் கிளையில் படுத்து ஊர்ந்து போக வேண்டியிருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் எங்கேயோ ஆழத்தில் ஒரு சில்வர் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

ஆரோக்கியம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஸ்டெல்லாவும் நானும் பிடித்தோம்.

"அண்ணி, நீங்க நல்லாப் புடிங்க. சார் எழுதற கை, பாத்துப் புடிக்கட்டும்," என்றார் மேலேயிருந்து.

"சும்மா பேசாமக் கட்டுங்க," என்றார் ஸ்டெல்லா.

"முள்ளு குத்துது அண்ணி, பேசினாத்தான் வலி தெரியல. ஏன் சார், இதையும் பேப்பர்ல எழுதுவீங்களா?"

"எழுதுவேன்," என்றேன்.

"கூடு காலின்னு சொன்னது யாருன்னும் எழுதுவீங்களா?"

எழுதிவிட்டேன், ஆரோக்கியம்.

கிளையைக் கயிற்றில் மேலே ஏற்றினோம். நைலான் கயிற்றாலும் கட்டுக்கம்பியாலும் வெட்டிய இடத்தோடு சேர்த்து அவர் இறுக்கினார். ஓட்டை இருந்த பக்கம் காலையில் கிழக்கே பார்த்தது என்று ஞாபகம் வைத்து அதே திசையில் திருப்பினார். எனக்கு அது ஞாபகமில்லை. பத்து நிமிடம் பைனாகுலரில் பார்த்தவன் நான். இறங்கி வந்தபோது அவர் முன்கை இரண்டிலும் முள் கீறி ரத்தம்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் ஒளிந்து உட்கார்ந்தோம். மணி மூன்றரை தாண்டிவிட்டது.

குடில் போட்டியின் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதை நினைத்துக்கொண்டு நீங்கள் படிக்க வேண்டாம். பரிசு இல்லை. மேலே இருந்த ஓட்டையில் பிலோமினா அவசரமாக ஒரு காகித நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் அதே நட்சத்திரம். முதல் பரிசு, நம்ப மாட்டீர்கள், திரும்பவும் மோட்டார் அருவிக்கே.

ஆனால் மூன்றரை மணிக்கு எங்களில் யாருக்கும் அருவி ஞாபகம் இல்லை.

மோட்டாருக்குப் போகும் மின்கம்பியில் இரண்டு குருவிகள் உட்கார்ந்திருந்தன. வெளுத்த மணல் நிறம். வெள்ளைத் தொண்டை. ஈய நிறத்தில் அலகு. கூரான கறுப்பு வால். நான் பார்த்த முதல் வெண்தொண்டைச் சில்லைகள். என் வீட்டிலிருந்து பொடிநடையாக வந்தால் ஏழு நிமிடம். பேருந்து வராது, டீக்கடை கிடையாது. அதனால் இங்கே நான் வந்ததே இல்லை.

ஒரு குருவி கிளைக்குப் பறந்தது. புதுக் கயிற்றைப் பார்த்தது. திரும்பிக் கம்பிக்கு வந்துவிட்டது.

இன்னொன்று போனது. கூட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. அதுவும் திரும்பிவிட்டது.

கூட்டுக்குள் சத்தம் வருகிறதா? இவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை. வந்தால் கேட்குமா, அல்லது ஓய்ந்தே போய்விட்டதா? ஆரோக்கியம் கையில் இருந்த ரத்தத்தைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் போன் அதிர்ந்தது. பிலோமினா. நடுவர்கள் வந்துவிட்டார்கள் போல. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கால் மணி நேரம் நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குருவிகள் சேர்க்காமல் போனால், நான்கு குஞ்சுகளும் செத்துப்போனால், இந்த வாரம் இதை எழுதுவேனா? ஆரோக்கியத்திடம் எழுதுவேன் என்று சொன்னேனே, எழுதுவேனா? மாட்டேன். ஒகேனக்கல்லில் தண்ணீர் வரத்து பற்றி எதையாவது எழுதியிருப்பேன். நன்றாகவே எழுதியிருப்பேன்.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, ஒரு குருவி கிளையில் உட்கார்ந்தது. கயிற்றை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. பக்கவாட்டில் நகர்ந்து, தலைகீழாகத் தொங்கி, ஓட்டைக்குள் பாதி உடம்பை நுழைத்தது. வால் மட்டும் வெளியே. பிறகு வாலும் உள்ளே போய்விட்டது.



காற்று இந்தப் பக்கமாகத் திரும்பியதோ என்னவோ, அப்போது சத்தம் கேட்டது. நான்கு தீக்குச்சிகளும் சேர்ந்தாற்போல உரசின — வேகமாக, ஆத்திரமாக. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின.

ஆரோக்கியம் என் காதருகே குனிந்தார்.

"சார், இப்ப உள்ள போனது ஆத்தாளா, அப்பனாங்க?"

அதன் குடும்பம் எனக்குத் தெரியும். பேரினம் தெரியும், அதை எப்போது யாரிடமிருந்து பிரித்தார்கள் என்பது தெரியும். ஈரானிலிருந்து இலங்கை வரை அது எங்கெங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஆண், பெண் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்று புத்தகம் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கையை விரித்துவிட்டது.

"தெரியலைங்க," என்றேன், அன்றைக்கு இரண்டாவது தடவையாக.

ஸ்டெல்லா எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"யாரா இருந்தா என்ன, சோறு வந்துருச்சில்ல! எந்திரிங்க, ஃபாதர் காத்துக்கிட்டிருப்பாரு."